பங்கின் எல்லை: தருமபுரி மாவட்டக் கிராமங்களை முன்வைத்து ஒரு திருச்சபைக் கேள்வி

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமப் பங்கு பெரும்பாலும் ஒரு தாய்க்கிராமமும் அதைச் சார்ந்த சில கிளைக் கிராமங்களும் சேர்ந்தது. தாய்க்கிராமத்தில் ஆலயம், சாமியார் பங்களா, பள்ளிக்கூடம், ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டம் ஆகியவை இருக்கும். கிளைக் கிராமத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கும். அதுவும் இல்லாத இடத்தில் மாதா சிலை வைத்த ஒரு கெபி மட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தாய்க்கிராமத்தில் நடக்க, கிளைகளுக்குப் பங்குத்தந்தை முறை வைத்துப் போய் வருவார். அவர் போகிற வழியில் எத்தனையோ ஊர்கள் வரும். பலவற்றில் கிறிஸ்தவர் வீடு ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் மறைமாவட்டக் கணக்கின்படி அந்த ஊர்களும் இந்தப் பங்குக்குள் அடங்கியவையே.

பங்கு என்பது எல்லை போட்ட நிலமா, திருமுழுக்குப் பெற்ற ஆட்களா என்ற கேள்வி இங்கே எழுகிறது. நிலம் என்றால், வழியில் உள்ள ஊர்களின் மாரியம்மன் பக்தர்களும் ஏதோ ஒரு வகையில் பங்குத்தந்தையின் பொறுப்பில் வருகிறார்கள். ஆட்கள் என்றால், திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருடமாக வேலை செய்கிற ஒருவர் இன்னமும் பாலக்கோட்டுப் பக்கத்துப் பங்கைச் சேர்ந்தவரே. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியும் என்று திருச்சபைச் சட்டம் நினைக்கிறது. நடைமுறையில் அது அவ்வளவு எளிதாக இல்லை.

சட்டத்தின் நிலை காலப்போக்கில் மாறியிருக்கிறது. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம், எல்லை தெளிவில்லாத இடங்களில் மக்களைத் தனித்தனிப் பங்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நிலையான குருவை அமர்த்தும்படி ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. யார் யாருடைய ஆன்மாவுக்குப் பொறுப்பு என்று தெரியாமல் கிடந்த ஐரோப்பிய நகரங்களுக்கான மருந்து அது. 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், மறைமாவட்டத்தின் நிலப்பரப்பே துண்டு துண்டாகப் பிரிக்கப்பட வேண்டும் என்று தொடங்கியது. அங்கே நிலம் முதலில், மக்கள் பிறகு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1983-இல் வந்த புதிய தொகுப்பு வரிசையை மாற்றிப் போட்டது. அதன் 515-ஆம் விதிப்படி பங்கு என்பது விசுவாசிகளின் ஒரு குறிப்பிட்ட சமூகம். 518-ஆம் விதி, அந்தச் சமூகம் பொதுவாக ஓர் எல்லைக்கு உட்பட்டதாக இருக்கட்டும் என்கிறது. வழிபாட்டு முறை, மொழி, இனம் ஆகியவற்றை வைத்து எல்லையில்லாத பங்குகளை அமைக்கவும் இடம் தருகிறது. சமூகமே பொருள், எல்லை அதற்கு ஒரு வசதி என்ற அளவுக்கு நிலம் பின்னுக்குப் போயிற்று.

எல்லைக் கருத்து முழு வலுவோடு வாழ்ந்த இடம் இங்கிலாந்து. அங்கே கிராமப் பங்கு, திருச்சபைக்கும் அரசுக்கும் ஒருசேரக் கடைசி அலகாக இருந்தது. 1538-இல் அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய ஆணையிட்டார். 1601-இன் ஏழைகள் சட்டம், அந்தந்தப் பங்கின் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் கடமையை அந்தந்தப் பங்கின் தலையிலேயே கட்டியது. ஓர் ஏழை எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பது சோற்றுப் பிரச்சினை ஆனதும் எல்லைக்கோட்டின் மீது மக்களுக்கு வந்த அக்கறை சாதாரணமானது அல்ல. வருடத்துக்கொரு முறை குருவும் ஊராரும் எல்லைக்கல் எல்லைக்கல்லாக நடந்து, கோலால் அடித்து அடையாளம் காட்டுவார்கள். அடுத்த தலைமுறைக்கு நினைவிருக்க வேண்டும் என்று சிறுவர்களையும் கூட்டிப் போவார்கள். 1894-இன் உள்ளாட்சிச் சட்டம் நிர்வாகப் பங்கையும் திருச்சபைப் பங்கையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. ஆனாலும் பங்கு எல்லைக்குள் குடியிருக்கிறவர், கோயிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும், அந்தப் பங்குக் கோயிலில் திருமணம் செய்துகொள்ளும் உரிமை இன்றைக்கும் ஆங்கிலிக்கன் சபையில் இருக்கிறது. ஆங்கில நாட்டுப்புறக் குரு தன்னைக் கிறிஸ்தவர்களின் குருவாக மட்டும் நினைப்பதில்லை. அந்த ஊரின் குருவாக நினைக்கிறார்.

அந்த மனப்போக்கில் பிறந்ததுதான் பங்கு வரலாறு என்னும் எழுத்து வகை. செல்போர்ன் என்ற சிற்றூரின் பறவை, மரம், மழை, கல்லறை எல்லாவற்றையும் பற்றி கில்பர்ட் வைட் என்ற குரு எழுதிய நூல் 1789-இல் வெளியானது. ஒரு பங்கு என்பதே எழுதித் தீராத ஓர் உலகம் என்பது அதன் அடியில் ஓடும் எண்ணம். தருமபுரிக் கிராமங்களைப் பற்றியும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே அளவு நுணுக்கமாக எழுதப்பட்டது. எழுதியவர்கள்தாம் வேறு வகை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, பயிரையும் சாதியையும் கால்நடையையும் கணக்கெடுத்து 1799 வரை இங்கே இருந்தார்கள். மன்றோ தருமபுரியிலேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார். உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்வாரி முறை உருவான இடம் இந்தப் பகுதிதான். அவர்கள் குவித்த ஆவணங்களை நூறு ஆண்டுக்குப் பின் சென்னை அரசு ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் அச்சிட்டது. இங்கிலாந்தில் ஊரின் எல்லையைக் குரு நடந்து காட்டினார். தருமபுரியில் அதை வரி வாங்குகிறவர் சங்கிலி போட்டு அளந்தார். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். இங்கே கிராம எல்லை என்றாலே மக்களுக்கு முதலில் நினைவு வருவது கோயிலும் அடங்கலும்தான், ஆலயப் பதிவேடு அல்ல என்பதற்கு அதுவே காரணம்.

திருச்சபையின் எல்லைகள் இந்த வட்டாரத்தில் பலமுறை வரையப்பட்டு அழிக்கப்பட்டவை. பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபையின் மைசூர் மிஷன் காலத்தில் எல்லை என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. லியோனார்தோ சின்னாமி என்ற இத்தாலியக் குரு அந்த மிஷனைத் தொடங்கி வைத்தார். குரு எங்கே இருந்தாரோ அங்கே மிஷன்; அவர் குதிரையிலும் கால்நடையாகவும் மறுபடி வந்து சேரும் வரை மக்கள் உபதேசியாரை வைத்துக் காலம் தள்ளினார்கள். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட, 1776-இல் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையார் பொறுப்பேற்றார்கள். 1886-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவில் முறையான திருச்சபை ஆட்சியமைப்பை நிறுவியபோது புதுச்சேரி உயர்மறைமாவட்டம் ஆயிற்று. 1930-இல் சேலம் தனி மறைமாவட்டம். 1997 ஜனவரி 24 அன்று சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. சலேசிய சபையைச் சேர்ந்த ஜோசப் அந்தோணி இருதயராஜ் முதல் ஆயர். 2004-இல் கிருஷ்ணகிரி தனி வருவாய் மாவட்டம் ஆனபோதும் மறைமாவட்டம் பிரியவில்லை. ஆகவே ஓசூரிலிருந்து அரூர் வரை உள்ள ஊர்கள் இன்றும் ஒரே ஆயரின் கீழ் இருக்கின்றன. கலெக்டர் எல்லை ஒன்று, ஆயர் எல்லை இன்னொன்று.

இந்த எல்லைகளுக்குள் பழைய கத்தோலிக்க ஊர்கள் என்று பெயர் வாங்கியவை சில உண்டு. தருமபுரி நகருக்கு அருகே சவேரியார் ஆலயம் உள்ள கோவிலூர், பொம்மிடிக்குப் பக்கத்தில் லூர்து மாதா திருத்தலம் உள்ள பி.பள்ளிப்பட்டி, பாலக்கோட்டுப் பக்கம் செல்லியம்பட்டி முதலியவை அவற்றுள் அடங்கும். இவற்றில் திருவிழா நடக்கும் விதத்தைப் பார்த்தால் பங்கு எதனால் ஆனது என்பது புலப்படும். கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், கடைசி இரவு தேர்பவனி என்பது எங்கும் பொது. நவநாளின் ஒவ்வொரு நாளும் ஒரு கிளைக் கிராமத்துக்கோ அன்பியம் என்னும் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவுக்கோ ஒதுக்கப்படும். அன்றைய பூசைச் செலவு, பாடல் குழு, பொங்கலோ சுண்டலோ எல்லாம் அவர்கள் பொறுப்பு. செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூலிப்பார்கள். தேருக்கு முன்னால் பம்பை அடிப்பவர்கள் அதே வாரம் பக்கத்து ஊர் மாரியம்மன் பண்டிகைக்கும் அடித்திருப்பார்கள்.

இந்தத் திருவிழாவின் இலக்கணம் ரோமிலிருந்து வந்ததல்ல. தருமபுரி, செங்கம் பகுதிகளில் தெய்வம் என்பது எப்போதுமே ஓர் இடத்தைச் சேர்ந்தது. ஆநிரை மீட்கும் போரில் விழுந்த வீரனுக்கு அவன் விழுந்த இடத்தில் கல் நட்டார்கள். வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர்ப்பெயர், வீரனின் பெயர், சில கற்களில் அவனோடு செத்த நாயின் பெயர்கூட உண்டு. தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளுள் இது ஒன்று. தருமபுரி அருங்காட்சியகத்தில் அவற்றை வரிசையாகப் பார்க்கலாம். காட்டிலும் வயலிலும் தங்கிவிட்ட கற்கள் வேறு கதியை அடைந்தன. எழுத்தைப் படிக்கத் தெரியாத பின்தலைமுறையார் அந்த வில்லேந்திய உருவத்துக்கு எண்ணெய் பூசி, மஞ்சள் வைத்து, வேடியப்பன் என்று கும்பிடத் தொடங்கினார்கள். இந்த மாவட்டத்தில் வேடியப்பன் என்று ஆளுக்குப் பெயர் இருப்பதும் அதனால்தான். வேடியப்பன் அந்தக் கல்லில் இருக்கிறார். கல்லைப் பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோனால் அங்கே அவர் வருவாரா என்பது யாரும் உறுதியாகப் பதில் சொல்ல விரும்பாத கேள்வி.

மாரியம்மன் பண்டிகையில் இதே எண்ணம் சட்டமாகவே இருக்கிறது. காப்புக் கட்டிய பிறகு ஊரார் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. வெளியே போனவர் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். தலைக்கட்டு வரி கொடுத்தவர் ஊரைச் சேர்ந்தவர். கொடுக்காதவருக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், பண்டிகையில் இடம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காகத் தகப்பன் வரியைக் கட்டி இடத்தைத் தக்க வைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே இங்கே எல்லை என்பது நிலம், ஆள் என்ற இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டுகிறது. கத்தோலிக்கப் பங்கு இந்த மண்ணில் வேரூன்றியபோது அந்த முடிச்சையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. வரி, முறை, தேர்த்தெரு, முதல் மரியாதை எல்லாம் வந்துவிட்டன. முதல் மரியாதை வந்தால் சண்டையும் வரும். அதையும் பங்குகள் விட்டு வைக்கவில்லை.

தெய்வம் இடத்துக்குக் கட்டுப்படுமா என்ற கேள்வியில் கிறிஸ்தவ மறைநூலே இரண்டு குரலில் பேசுகிறது. பழைய ஏற்பாட்டில் நாமான் என்ற சிரியப் படைத்தலைவன் தொழுநோய் நீங்கப் பெற்று, இஸ்ரயேலின் கடவுளை இனித் தன் நாட்டில் வழிபட வேண்டும் என்பதற்காக இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு இஸ்ரயேல் மண்ணை அள்ளிப் போகிறான். கடவுள் அந்த மண்ணோடு வருவார் என்பது அவன் நம்பிக்கை. இறைவாக்கினர் எலிசா அவனைத் திருத்தவும் இல்லை. யோவான் நற்செய்தியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசும்போது, இந்த மலையும் வேண்டாம், எருசலேமும் வேண்டாம் என்று இடத்தை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுகிறார். தருமபுரிக்காரருக்கு நாமான்தான் நெருக்கமானவன். அரூருக்கு அருகே தீர்த்தமலையில் இராமர் தீர்த்தம் என்று வழங்கும் நீரைப் பாட்டிலிலும் கேனிலும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவரும், பிப்ரவரி 11-ஐ ஒட்டி லூர்து மாதா திருநாளில் கெபியருகே மந்திரித்த தண்ணீரை வாங்கிப் போகிறவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். ஆனால் உடம்போடு பிறந்த மனிதருக்கு எங்கும் நிறைந்ததை ஓர் இடத்தில் வைத்துத்தான் கும்பிடத் தெரியும் என்பதையும் அது காட்டுகிறது. கிறிஸ்தவ இறையியலில் மனுவுருவேற்பு என்பது அடிப்படையில் இதே வாதம்தான்: எல்லையற்றவர் ஒரு கிராமத்தில், ஒரு தச்சர் வீட்டில், ஓர் ஊர்ப் பெயரோடு வாழ்ந்தார்.

அப்படியானால் எல்லைக்குள் இருக்கும் மற்றவர்கள் யாருடைய பொறுப்பு? சட்டம் இதைத் தொடாமல் விடவில்லை. திருமுழுக்குப் பெறாதவர்களும் இறைவனால் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் என்று ஆயர் கருத வேண்டும் என்கிறது 383-ஆம் விதி. தன் எல்லையில் வாழும் நம்பிக்கையில்லாதோருக்கும் நற்செய்தி சேரும்படி பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 771-ஆம் விதி. ஆங்கில நாட்டுப்புறக் குருவுக்கு இது சிக்கலே இல்லாத வாக்கியம். அவர் ஊரில் நெடுங்காலம் எல்லோரும் பெயரளவிலாவது கிறிஸ்தவர்களாக இருந்தார்கள். தருமபுரியில் நிலைமை தலைகீழ். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843; ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமவாசிகள்; கிறிஸ்தவர்கள் மிகச் சிறிய சிறுபான்மை. இங்கே குரு ‘இந்த எல்லையில் உள்ள எல்லோரும் என் பொறுப்பு’ என்றால், கேட்பவர் காதில் அது மதமாற்றம் என்றே விழக்கூடும். 1977-இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமையில் மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று தீர்ப்பளித்தது. 2002-இல் தமிழகம் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து 2004-இல் விலக்கிக்கொண்டது. இந்தச் சூழலில் 771-ஆம் விதியைப் பங்குகள் சத்தமில்லாமல் வேறு மாதிரி படித்துக்கொண்டன. பள்ளிக்கூடம், விடுதி, மருந்தகம், தையல் வகுப்பு ஆகியவற்றில் எல்லைக்குள் உள்ள எவரும் வரலாம். பங்கு யாருடையது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதைக் கோழைத்தனம் என்று சிலரும், அதுவே நற்செய்தி என்று சிலரும் திருச்சபைக்குள்ளேயே வாதிடுகிறார்கள். இரண்டாவது கட்சிக்கே வலு அதிகம். தனக்கு அயலான் யார் என்று கேட்டவனுக்கு இயேசு சொன்ன கதையில், வேற்று மதத்தவனாகிய சமாரியன் அடிபட்டவனின் காயத்தைக் கட்டிச் சத்திரத்தில் சேர்க்கிறான். அவன் எந்தப் பங்கு என்று விசாரிக்கவில்லை.

எல்லைக்கு வெளியே போனவர்களின் நிலை இன்னும் சுவாரசியமானது. மழையை நம்பிய இந்த மாவட்டத்திலிருந்து பெங்களூர் கட்டட வேலைக்கும் திருப்பூர், கோயம்புத்தூர் ஆலைகளுக்கும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சில கிளைக் கிராமங்களில் சாதாரண ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளும்தான். திருச்சபைச் சட்டத்தின் 102-ஆம் விதிப்படி ஓர் இடத்தில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடியேறினாலோ ஐந்து ஆண்டு முழுமையாக வசித்தாலோ அங்கே உறைவிடம் வந்துவிடும். மூன்று மாதத்திலேயே தற்காலிக உறைவிடம் உண்டு. 107-ஆம் விதிப்படி உறைவிடத்தின் குருவே அவருடைய குரு. ஆக, பெங்களூரில் ஆறாவது வருடம் இருக்கும் கொத்தனாருக்குச் சட்டப்படி சொந்தப் பங்கு பெங்களூரில்தான். அவரோ பங்குத் திருவிழா வரியை ஊருக்குத்தான் அனுப்புகிறார்; பெண் பார்ப்பதும் ஊர் வழியாகத்தான்; செத்தால் உடம்பை ஆம்புலன்ஸில் ஊருக்குத்தான் கொண்டுவருவார்கள். கல்லறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 1180-ஆம் விதி ஒவ்வொருவருக்கும் விட்டுவைத்திருப்பதால் அதற்குத் தடையும் இல்லை. வசிக்கும் இடம் பங்கைத் தீர்மானிக்கிறது என்ற சட்டமும், வரி கட்டும் இடம் ஊரைத் தீர்மானிக்கிறது என்ற பண்டிகை வழக்கமும் அவர் ஒருவரிடம் மோதுகின்றன. பெரும்பாலும் வழக்கமே ஜெயிக்கிறது.

இந்த மோதலுக்கு நடுவில் சமரசம் செய்கிற பொருள் ஒன்று உண்டு. அது திருமுழுக்குப் பதிவேடு. நீளமான, கனத்த அட்டை போட்ட நோட்டு. சாமியார் பங்களாவின் பீரோவில் பூட்டியிருக்கும். வரிசை எண், பிறந்த தேதி, திருமுழுக்குத் தேதி, பிள்ளையின் பெயர், அப்பா, அம்மா, ஞானப்பெற்றோர், ஊர், குருவின் கையெழுத்து எனக் கட்டம் கட்டமாக ஓடி, கடைசியில் ஓர் அகலமான ஓரக் கட்டம் இருக்கும். அந்த ஓரம்தான் முக்கியம். 535-ஆம் விதிப்படி உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாவற்றையும் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில் அதே வரியின் ஓரத்தில் எழுத வேண்டும். திருமணம் எங்கே நடந்தாலும் அங்குள்ள குரு இங்கே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது 1122-ஆம் விதி. கொத்தனார் மகன் பெங்களூரில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால் முதலில் ஊர்ப் பங்கிலிருந்து திருமுழுக்குச் சான்றிதழ் வரவேண்டும், இரண்டு பங்கிலும் ஓலை வாசிக்கப்பட வேண்டும், கல்யாணம் முடிந்ததும் ஒரு தபால் மறுபடி ஊருக்கு வரவேண்டும். அவர் எத்தனை பங்கு மாறினாலும் அவரைப் பற்றிய கணக்கு இந்த ஒரு வரியிலேயே சேர்ந்துகொண்டு போகும். ஊரின் தலைக்கட்டு நோட்டுக்குச் சமமாகத் திருச்சபையில் ஏதாவது உண்டென்றால் இதுதான். ஆனால் தலைக்கட்டு நோட்டிலிருந்து பெயரை அடிக்கலாம். திருமுழுக்கு அழியாத முத்திரை என்று திருச்சபை போதிப்பதால் இந்த வரியை அடிப்பதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை.

பங்குக்குள்ளேயே ஓர் எல்லை உண்டு. அது எந்த வரைபடத்திலும் இல்லை. ஊர், காலனி என்ற பிரிவு தமிழகக் கிராமங்களின் பொதுவான தோற்றம். திருமுழுக்கு அதை அழித்துவிடவில்லை. தேர் எந்தத் தெருவரை போகும், கல்லறையில் யார் எந்தப் பக்கம், பங்குப் பேரவையில் யார் பேச்சு எடுபடும் என்பவை தமிழகத்தின் பல பங்குகளில் பலமுறை பிரச்சினையாகி ஆயர் வரை போனவை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டு அதைப் பெரும் பாவம் என்றது. அரசும் தன் பங்குக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது: 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியால் கிறிஸ்தவரான தலித் ஒருவர் பட்டியல் சாதியாகக் கருதப்படுவதில்லை. இந்தக் கோடுகள் எவ்வளவு கெட்டியானவை என்பதற்குத் தருமபுரிக்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் உள்ளிட்ட மூன்று காலனிகளின் வீடுகள் ஒரு காதல் திருமணத்தின் பெயரால் எரிக்கப்பட்டன. அது கிறிஸ்தவப் பங்குகளோடு தொடர்பில்லாத நிகழ்வு. ஆனால் ஊர் என்ற சொல் காலனியை உள்ளே வைத்துக்கொள்வதில்லை என்பதே அதன் பின்னணி. அதே ஊர்களின் நடுவில்தான் பங்குகளும் இருக்கின்றன. பங்கின் எல்லை என்பது குருவின் கடமைக்கு வரம்பு கட்டுவதற்காகப் போட்டது. அதை வைத்து யாரையும் வெளியே நிறுத்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இடம் தரவில்லை. ஊர் எல்லையின் வேலையே வேறு. பங்கு அந்த வேலையை இரவல் வாங்கும்போது தன் இலக்கணத்துக்கே எதிராகப் போகிறது.

எல்லை மாறும் நேரத்தில் இவை எல்லாம் ஒன்றாக வெளியே வரும். கிளைக் கிராமம் ஒன்றில் குடும்பங்கள் பெருகி, சிற்றாலயம் பெரிய ஆலயமாகி, தங்களுக்கென்று ஒரு சாமியார் வேண்டும் என்ற பேச்சு எழும். பங்கை உருவாக்கவும் பிரிக்கவும் மூடவும் ஆயருக்கு மட்டுமே அதிகாரம். அதையும் குருக்கள் மன்றத்தைக் கலந்துகொண்டே செய்ய வேண்டும் என்கிறது 515-ஆம் விதியின் இரண்டாம் பிரிவு. மனுக்கள் போகும், எந்தெந்த ஊர் எந்தப் பக்கம் என்று பட்டியல் எழுதப்படும். கிறிஸ்தவர் வீடே இல்லாத ஊர்களை எந்தப் பங்கில் சேர்ப்பது என்பதில் யாருக்கும் சண்டை இருக்காது. இரண்டு குடும்பம் உள்ள ஊருக்கும், சாலையோரத்தில் பேருந்து நிற்கிற ஊருக்கும், கல்லறைத் தோட்டம் உள்ள ஊருக்கும் இழுபறி நடக்கும். தாய்ப்பங்கில் தலைமுறையாக வரி கட்டியவர்கள், தேர் செய்யக் கொடுத்த பணத்தில் தங்கள் பங்கு என்ன என்று கேட்பார்கள். எல்லாம் முடிந்து ஆயர் வந்து ஆணையை வாசித்ததும் புதிய பங்கின் பீரோவில் புதிய பதிவேடு ஒன்று வைக்கப்படும். அதன் முதல் வரி அன்றைக்குப் பிறகு திருமுழுக்குப் பெறும் குழந்தையுடையது. அதற்கு முன் பிறந்த அத்தனை பேரின் வரிகளும் தாய்ப்பங்கின் நோட்டிலேயே இருப்பதால், தங்கள் ஊருக்கென்று தனிச் சாமியார் வந்த பிறகும் அவர்கள் கல்யாணச் சான்றிதழுக்குப் பழைய பங்களாவின் திண்ணையில்தான் போய் உட்கார வேண்டும்.